எல்லாவற்றுக்கும் 'இல்லை'

வஹீபாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கியிருந்த அறை, அதற்கு முன்பு துடைப்பமும் வாளியும் வைக்கிற இடமாக இருந்தது. ஜன்னல் கிடையாது. தரை கழுவும் மருந்தின் நெடி எத்தனை வருஷமானாலும் சுவரை விட்டுப் போகவில்லை. அரபு நாட்டுக் கடலோர நகரமான அன்னாபாவின் மேற்குப் பகுதியில் இருந்த அந்த மேல்நிலைப் பள்ளிக்கும், பக்கத்தில் இருந்த வேறு சில பள்ளிகளுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் மனநல ஆலோசகர். வீட்டில் புருஷன் ஹஸீன், ஒரே மகள் நிஹால். காலையில் மகளை நடுநிலைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பழைய காரை உருட்டிக்கொண்டு இங்கே வந்து சேருவாள்.

அவளிடம் வரும் பிள்ளைகள் தானாக வருகிறவர்கள் இல்லை. வாத்தியார்கள் பிடித்துக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார்கள். பையன் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பான். கண் சொருகும், நாக்கு குழறும்.

"என்னடா போட்ட?"

"ஒண்ணுமில்ல மதாம். ராத்திரி மேட்ச் பாத்தேன், தூக்கமில்ல."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போட்டது என்னவென்று ஊருக்கே தெரியும். நரம்பு வலிக்காரர்களுக்கு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை அது. பிள்ளைகள் அதற்கு ராக்கெட் என்று பெயர் வைத்திருந்தார்கள். சந்துக்குச் சந்து கிடைத்தது.

அப்படியிருக்கும்போதுதான் தலைநகரிலிருந்து அந்தக் கணினிப் பரிசோதனை வந்தது. பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு குரல் கேள்வி கேட்கும்: புகை உண்டா, மாத்திரை உண்டா, தினமும் உண்டா, அடுத்தவருக்குக் கொடுத்தாயா, விட நினைத்தாயா, முடிந்ததா என்று. ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று தட்டினால் போதும். பெயர் எழுத வேண்டாம். கடைசியில் திரை பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறி, அந்தப் பிள்ளையின் நிலைமையை அதற்கே சொல்லும். உதவி வேண்டுமென்றால் எந்த அறைக்குப் போகலாம் என்றும் காட்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்படுகிற பிள்ளை, இயந்திரத்திடம் சொல்லிவிடும் என்பது யோசனை.

யோசனை நல்லதுதான். ஆனால் அந்தக் குரல் இலக்கண சுத்தமான அரபியில் பேசியது. முதல் வகுப்பிலேயே பையன்கள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "டேய், எட்டு மணிச் செய்தி ஓடுதுடா!"

வஹீபாவுக்கு அது பொறுக்கவில்லை. மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கி, எல்லாக் கேள்விகளையும் அன்னாபாக்காரர்கள் பேசுகிற பேச்சில் மாற்றி எழுதினாள். பதிவு செய்ய நல்ல இடம் இல்லை. குளிர்காலத்தில் ஆளில்லாத கடற்கரையோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைபேசியில் தன் குரலிலேயே பேசிப் பதிந்தாள். காகிதத்தில் "விடைகளின் இரகசியம் பேணப்படும்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படிக்க அவளுக்கு வாய் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, தோன்றியதைச் சொன்னாள்: "பயப்படாதே கண்ணு. நீ இங்க சொல்றது உனக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவுலதான். வேற யாரும் பாக்க மாட்டாங்க."

கணினி அறையைப் பார்த்துக்கொள்கிற பையனிடம் ஒரு முறைக்கு இரு முறை கேட்டும் கொண்டாள். "யாராலயும் பாக்க முடியாதே?"

"பதிலெல்லாம் பூட்டியிருக்கு மதாம். என்னாலயே தொறக்க முடியாது." அவன் சொன்னது பொய் இல்லை.

பரிசோதனை நடக்கும்போது அவள் உள்ளே நிற்பதில்லை. பிள்ளைகள் கூச்சப்படக் கூடாது என்று தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

பலன் கிடைத்தது. வாத்தியார் இழுத்து வராமல், தானாக ஒரு கை அவள் கதவைத் தட்டியது. வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

வந்தவன் ரௌஃப். பதினாறு வயது. தோள் மட்டும் ஆம்பளைத் தோள், முகம் இன்னும் பிள்ளை முகம்.

"மதாம், பெட்டிக்குள்ள பேசுறது நீங்கதானே?"

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கண்ணுன்னு கூப்பிட்டீங்களே. எங்க கணக்கு வாத்தியார் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. அவர் என்னைக் கழுதைன்னுதான் கூப்பிடுவார்." நாற்காலியில் உட்கார்ந்தான். சிரிப்பு நின்றது. "நான் சிவப்பு மதாம்."

தகப்பன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். தாய் ஸக்கியா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள். ரௌஃப் பள்ளிக்கு வருவதற்கு முன் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்குவான். பெட்டி தூக்குகிற பெரிய பையன்கள்தான் முதலில் மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள்.

"மொதல்ல பெட்டி கனமே தெரியல மதாம். பஞ்சு மாதிரி இருந்துச்சு. இப்போ அது போடலேன்னா என் கையே எனக்குக் கனமா இருக்கு."

வஹீபா அன்றைக்கே போதை மீட்பு மையத்துக்குத் தொலைபேசினாள். எடுத்த அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"இங்க பெரியவங்களுக்கு மட்டுந்தாம்மா இடம். பையனுக்குப் பதினெட்டு ஆகட்டும், அனுப்பி வை."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும்தான் நீ இருக்கியே."

அப்போதுதான் வஹீபாவுக்கு உறைத்தது. கேட்கத் தெரிந்த இயந்திரத்தை அனுப்பியவர்கள், பதில் வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒன்றையும் அனுப்பவில்லை. ஆனாலும் வந்த பையனைத் திருப்பி அனுப்ப மனசு வருமா? பள்ளி மருத்துவரைக் கெஞ்சி, மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் எப்படிக் குறைப்பது என்று கேட்டு வாங்கினாள். செவ்வாய்க்கிழமைதோறும் ரௌஃப் வந்தான். வீட்டிலிருந்து அவள் கொண்டுவரும், கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த புரேக்கில் பாதி அவனுக்கு. சாப்பிட்டுக்கொண்டே பேசுவான். சில வாரம் நடுங்கிக்கொண்டு வந்தான். ஒரு வாரம் அழுதான். ஒரு வாரம் மேசையை எட்டி உதைத்துவிட்டுப் போனான், அடுத்த வாரம் ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து உட்கார்ந்தான். துறைமுக வேலையை விட்டுவிட்டு, மாலையில் கைபேசி பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தான். தினம் போட்டது வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று குறைந்தது.

"அடுத்த தடவை பெட்டிகிட்ட உக்காரும்போது மஞ்சள் வரும் பாருங்க," என்றான்.

"பொய் சொல்லி மஞ்சள் வாங்கினா நான் ஒத்துக்க மாட்டேன்."

"உங்க குரல்கிட்ட பொய் சொல்ல வராது மதாம். எங்க அம்மாகிட்டன்னா சரளமா வரும்."

அடுத்த பரிசோதனை வசந்த காலத்தில் வந்தது. அதற்குச் சில நாள் முன்பு, நகரின் இன்னொரு பள்ளியில் ஒரு பையன் மாடிப்படியில் மயங்கி விழுந்து, அது பத்திரிகையில் வந்து, எல்லாப் பள்ளித் தலைமையாசிரியர்களையும் கூப்பிட்டு வைத்துக் காய்ச்சி எடுத்திருந்தார்கள். இந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் ஸி லம்னுவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்ல முடியாது. பயந்த மனுஷர்.

கணினி அறையில் வாத்தியார் மேசையில் இருக்கும் கணினியில், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற வரிசைப்படி எல்லாப் பிள்ளைகளின் திரையும் தெரியும். பாட நேரத்தில் விளையாட்டுப் பார்க்காமல் இருக்கட்டும் என்று எப்போதோ போட்டு வைத்த ஏற்பாடு. பதில்கள் பூட்டித்தான் இருந்தன. ஆனால் பதில் சொல்லச் சொல்ல எட்டிப் பார்ப்பவனைத் தடுக்க எந்தப் பூட்டும் இல்லை. வஹீபா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸி லம்னுவர் பின்கதவு வழியாக உள்ளே போய் அந்த மேசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் காதில் வஹீபாவின் குரல் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் முன்கதவு வழியாக வெளியே வந்தபோது வஹீபா எழுந்து நின்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள எதுக்குப் போனீங்க ஸி லம்னுவர்?"

"என் பள்ளிக்கூடம்மா இது."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். அந்த ரௌஃப் இன்னும் போடறான். போன மாசம் இன்னொருத்தனுக்கும் குடுத்திருக்கான். அதுக்கும் ஆமாம்னு தட்டறான், படுபாவி."

"ஒரு தடவை கூட்டாளி கெஞ்சினான்னு ஒண்ணு குடுத்தான். என்கிட்டயே சொல்லிட்டான். அவன் பாதிக்கு மேல விட்டுட்டான். இப்பத்தான் ஏறி வர்றான்..."

"நாளைக்கு ஒரு பிள்ளை இங்க செத்து விழுந்தா என் கழுத்துலதான் கயிறு விழும். உன் கழுத்துல இல்ல."

"யாரும் பாக்க மாட்டாங்கன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீ குடுத்த வஹீபா. நான் குடுக்கலையே."

அவள் வாசலுக்கு ஓடினாள். பிள்ளைகள் வெளியே வரும் நேரம். ஸி லம்னுவர் உள்ளே இருந்தபடியே கூப்பிட்டிருந்த போலீஸ் வண்டி அதற்குள் வந்திருந்தது. ரௌஃபின் பையைக் கொட்டினார்கள். பேனா, கைபேசியைத் திறக்கிற சின்னத் திருப்புளிகள், ஒரு கசங்கிய காகிதத்தில் இரண்டு மாத்திரை. அந்த வாரத்துக்கு அவளும் அவனும் கணக்குப் போட்டு ஒதுக்கி வைத்த மாத்திரைகள் அவை. கையைப் பின்னால் மடக்கியபோது அவன் முரண்டு பிடிக்கவில்லை. கூட்டத்தில் அவளைத் தேடினான்.

"யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே மதாம்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் நிஜமாகவே தெரியாமல், பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான்.

சிறார் நீதிமன்றத்தில் வஹீபா தன்னால் ஆனதையெல்லாம் சொன்னாள். பையன் நோயாளி, குற்றவாளி இல்லை, உண்மையைச் சொன்னதற்காகத் தண்டிக்காதீர்கள் என்றாள். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். அவளைவிட இளைய பெண். "மதாம், நான் கணினியைப் பார்க்கவே இல்லை. பையில் இருந்ததைத்தான் பார்க்கிறேன். அடுத்தவனுக்குக் கொடுத்ததை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்," என்றார். மலைப்பக்கம் இருந்த சீர்திருத்த விடுதிக்கு ரௌஃபை அனுப்பினார்கள்.

வஹீபா ஸக்கியாவின் வீட்டுக்குப் போனாள். சலவைச் சோடாவும் பாத்திரத் தூளும் அரித்த கையால் ஸக்கியா காபி ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை போடலாமா என்றும் கேட்டாள். பிறகுதான் பேசினாள்.

"தங்கச்சி, எம் பையன் எங்கிட்ட ஒரு நாளும் இதைச் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. கேட்டா, தெரிஞ்சிக்கணுமே. தெரியாம இருந்த வரைக்கும் அவன் வீட்ல இருந்தான்."

"அக்கா, நான் வேணும்னு..."

"நீ கெட்டவ இல்ல. அது எனக்குத் தெரியும். கெட்டவளா இருந்தா உன்னை வாசல்லயே காறித் துப்பியிருப்பேன், எனக்கும் நெஞ்சு ஆறியிருக்கும்."

காபியைக் குடித்து முடிக்காமல் வஹீபா எழுந்து வந்தாள்.

அடுத்த கல்வியாண்டில் பரிசோதனை மறுபடி நடந்தது. பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள், ஹெட்போனை மாட்டினார்கள், தட்டினார்கள், எழுந்து வந்தார்கள். எல்லாத் திரையும் பச்சை. பள்ளி முழுக்க ஒரு மஞ்சள்கூட இல்லை. சிகரெட் வாடையோடு வந்த பையனும் பச்சை. நாற்காலியிலேயே தூங்கிவிழுந்தவனும் பச்சை. கேள்வி முடிவதற்குள்ளேயே 'இல்லை' என்று தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

கல்வித் துறைக்கு ஒரே சந்தோஷம். ஒரே வருஷத்தில் போதையை ஒழித்த பள்ளி என்று விழா எடுத்தார்கள். ஸி லம்னுவருக்குச் சால்வை, வஹீபாவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டு. மேடையில் அவள் எழுந்து, "இந்த முடிவு உண்மை இல்லை. பிள்ளைகள் பயந்துபோய்ப் பொய் சொல்றாங்க," என்றாள். முன்வரிசையில் இருந்த அதிகாரி, அவள் அடக்கத்தினால் அப்படிச் சொல்கிறாள் என்று கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

அந்தப் பரிசோதனையை மாவட்டம் முழுவதும் உள்ள பள்ளிகளுக்கு அனுப்பப் போகிறோம் என்று அதே மேடையில் அறிவித்தார்கள். அவள் குரலோடு.

குரலையாவது எடுத்துவிடுங்கள் என்று வஹீபா அலுவலகம் அலுவலகமாக நடந்தாள். பதிந்து கொடுத்தது இனி துறையின் சொத்து என்றார்கள். சரி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்திப் பேசித் தருகிறேன் என்றாள். ஓர் அதிகாரி சிரித்தார்.

"என்னன்னு திருத்துவீங்க? 'யாராவது பாத்தாலும் பாப்பாங்க'ன்னா? அப்புறம் எந்தப் பிள்ளை பதில் சொல்லும்?"

"இப்பவும் எதுவும் சொல்லலையே ஐயா."

"இல்லைன்னு சொல்லுதே. அது பதில்தானே."

வேலையை விட்டுவிடலாம் என்று ஹஸீனிடம் சொன்னாள். "விட்டுட்டா? உன் எடத்துல வேற எவளாவது உக்காருவா. குரல் அங்கேயேதான் இருக்கும்," என்றான் அவன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அவள் விடவில்லை. அதற்குப் பிறகு பரிசோதனை நடக்கும் அறைக்குள் தானே போய், ஹெட்போன் மாட்டுவதற்கு முன் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவாள்: "வாத்தியார் மேசையிலேர்ந்து உங்க திரை தெரியும். தெரிஞ்சு வச்சிக்கிட்டுத் தட்டுங்க." தான் செய்ய முடிந்த நேர்மை அவ்வளவுதான் என்று நினைத்தாள். அதனால் ஒரு பிள்ளைக்கும் ஒரு நன்மையும் வரவில்லை. கதவைத் தட்டி ஒருவரும் வரவில்லை.

ரௌஃப் விடுதியிலிருந்து வெளியே வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டாள். தேடிப் போகத் தைரியம் வரவில்லை. ஆனால் ஊர் சின்னது. சந்தைப் பக்கம் காரை நிறுத்தப் போனபோது, கையில் தடியோடு "வாங்க வாங்க, இந்தப் பக்கம், போதும் போதும்" என்று வண்டிகளுக்கு இடம் காட்டிக் காசு வாங்குகிற பையன்களில் ஒருவனாக நின்றான். முன்பல் ஒன்று இல்லை. ஆம்பளைத் தோள் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளைப் பார்த்ததும் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கார்க் கண்ணாடி அருகே குனிந்து, அவள் குரலிலேயே பேசிக் காட்டினான்.

"பயப்படாதே கண்ணு. வண்டி பத்திரமா இருக்கும். வேற யாரும் பாக்க மாட்டாங்க."

பக்கத்திலிருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"ரௌஃப், உனக்கு இப்போ பதினெட்டு ஆயிடுச்சு. மையத்துல சேத்துக்குவாங்க. நான் கூட வர்றேன். இன்னிக்கே போலாம்."

சிரிப்பு நின்றது. பழைய பையன் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

"அங்கயும் கேப்பாங்கல்ல மதாம்? எப்போ போட்ட, எவ்வளவு போட்ட, யாருக்குக் குடுத்தன்னு?"

"கேப்பாங்க. வைத்தியத்துக்காகக் கேப்பாங்க."

"அப்போ வேணாம்." இன்னொரு வண்டி வந்தது. தடியை ஆட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடினான். பள்ளி விட்டு வந்த இரண்டு பையன்கள் அவனுக்காகச் சுவரோரம் காத்து நின்றதை அவள் பார்த்தாள். எதற்காக நிற்கிறார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகும் சில தடவை அங்கே போய்ப் பார்த்தாள். ஒரு முறை ஒளிந்துகொண்டான். ஒரு முறை அவள் யாரென்றே தெரியாத அளவுக்கு மயக்கத்தில் இருந்தான்.

அந்தக் குளிர்காலத்தில் மர்வா என்ற பெண் வகுப்பிலேயே சரிந்து விழுந்தாள். வாயில் நுரை. முன் வாரம்தான் பரிசோதனையில் பச்சை வாங்கியவள். வஹீபா ஆம்புலன்ஸில் கூடவே போனாள். வழி நெடுக அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன போட்ட, எத்தனை போட்ட, சொல்லுடி கண்ணு, டாக்டருக்குத் தெரியணும்," என்று கெஞ்சினாள். நினைவு தப்பிக்கொண்டிருந்த நிலையிலும் மர்வா தலையை ஆட்டி, "இல்ல, இல்ல," என்றாள். உயிர் பிழைத்தாள். தகப்பன் வந்து படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பிறகு அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

மறு வருஷம் நிஹால் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். தாய் வேலை பார்க்கிற பள்ளி வேண்டாம் என்று வேறு பள்ளி. முதல் மாதமே அங்கே பரிசோதனை வைத்தார்கள். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, இன்னிக்கு உன் குரல் என்னைக் கேள்வி கேட்டுச்சு. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒரே கிண்டல்."

"நீ என்னன்னு போட்ட?"

"இது என்ன கேள்வி? எல்லாரும் எதைப் போடுவாங்களோ அதைத்தான். எல்லாத்துக்கும் இல்லை."

ஹஸீன் தண்ணீர் எடுக்க எழுந்து போனான். வஹீபா கேட்டேவிட்டாள்.

"நிஜமாவே இல்லையா நிஹால்? எங்கிட்ட சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

நிஹால் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"இல்லம்மா."

சட்டென்று வந்த பதில். உண்மை பேசுகிறவர்களும் அப்படித்தான் சட்டென்று சொல்வார்கள். வஹீபா தலையசைத்துவிட்டு, மகளின் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். நிஹால் போதும் என்று கையை மறித்து, எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.